தோற்போம் என்று தெரிந்தும் லிட்டில் குரோ ஏன் போருக்குத் தலைமை ஏற்றார்?

1862இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டகோட்டாப் பழங்குடியினருக்கும் வெள்ளையருக்கும் நடந்த போருக்குத் தலைமை தாங்கிய லிட்டில் குரோ, அதில் வெல்லவே முடியாது என்று போர் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார் என்பது உண்மையா, உண்மையென்றால் பிறகு ஏன் தலைமை ஏற்றார், அவரை மண்ணைக் காக்கப் போராடியவர் என்பதா, குடியேறிகளைக் கொன்ற கூட்டத்தின் தலைவர் என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்த்தலைவர் என்ற பெயர் அவருக்கு வாழ்க்கையின் கடைசி ஓராண்டில் ஒட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகளும் அவர் செய்தது பேச்சுவார்த்தை. வெள்ளையரோடு பேசிப் பேசித் தன் மக்களுக்கு ஏதாவது பெற்றுத் தரலாம் என்று நம்பி, அந்த நம்பிக்கையாலேயே சொந்த மக்களிடம் மதிப்பிழந்த ஓர் அரசியல்வாதி அவர். ஆகஸ்ட் 1862இன் அந்த இரவில் அவர் எடுத்த முடிவை இந்தப் பின்னணி இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

அவர் 1810 வாக்கில், இன்றைய செயின்ட் பால் நகருக்குச் சற்றுத் தெற்கே, மிசிசிப்பிக் கரையிலிருந்த கபோசியா என்ற ஊரில் பிறந்தார். டகோட்டா மக்களின் கிழக்குப் பிரிவில் மெட்வாகண்டன், வாஹ்பெகூட், சிசீட்டன், வாஹ்பெட்டன் என்று நான்கு கிளைகள் உண்டு; அவர் மெட்வாகண்டன் கிளையைச் சேர்ந்தவர். இயற்பெயர் தாவோயாத்தெதூத்தா. லிட்டில் குரோ என்பது பிரெஞ்சு வணிகர்கள் அவருடைய பாட்டனாருக்கு வைத்த பெயரின் ஆங்கில வடிவம். தலைமைப் பதவியோடு சேர்ந்து மூன்று தலைமுறைகளாக வந்தது. 1805இல் அமெரிக்க ராணுவ அதிகாரி சீபுலன் பைக் கோட்டை கட்ட நிலம் கேட்டு வந்தபோது கையெழுத்திட்ட இரண்டு டகோட்டாத் தலைவர்களில் அந்தப் பாட்டனாரும் ஒருவர். அதே பாட்டனார், பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய 1812 போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்று அவர்களிடம் பதக்கமும் வாங்கினார். வல்லரசுகளோடு இருபுறமும் பேசி நடுவில் பிழைக்கும் கலை அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை.

இளமையில் தாவோயாத்தெதூத்தா ஊரைவிட்டு மேற்கே லாக் கி பார்ல் பகுதிக்குப் போய், வாஹ்பெட்டன் தலைவர் ஒருவருடைய மகள்களாகிய நான்கு சகோதரிகளை மணந்து அங்கேயே வாழ்ந்தார். டகோட்டாச் சமூகத்தில் அரசியல் என்பது உறவுமுறை வழியாகவே நடக்கும்; மேற்குக் கிளைகளில் அவருக்குப் பிற்காலத்தில் இருந்த செல்வாக்குக்கு இந்தக் கொள்வினையே அடிப்படை. தந்தை, வண்டியிலிருந்து துப்பாக்கியை இழுக்கும்போது அது தவறுதலாக வெடித்து இறந்துபோனார். 1846இல் தலைமையைக் கோரிக் கபோசியாவுக்குத் திரும்பிய அவரைக் கரையிலேயே மாற்றாந்தாய் மக்கள் துப்பாக்கியோடு எதிர்கொண்டார்கள். சுட்ட குண்டு அவருடைய இரண்டு மணிக்கட்டுகளையும் துளைத்துச் சென்றது. ஸ்னெல்லிங் கோட்டையின் ராணுவ மருத்துவர் கைகளை வெட்டிவிட வேண்டும் என்றார். அவர் மறுத்துத் தம் மக்களின் வைத்தியத்தையே நம்பினார். கைகள் பிழைத்தன, ஆனால் மணிக்கட்டு எலும்புகள் கோணலாகவே கூடின. பிற்காலத்துப் புகைப்படங்களில் அவர் நீண்ட கைச்சட்டையில் இருப்பதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். ஊர் அவரையே தலைவராக ஏற்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டகோட்டாத் தலைவர் என்பவர் மன்னர் அல்லர். அவரால் யாருக்கும் கட்டளையிட முடியாது. அவையில் பேசி இணங்க வைக்கலாம். விருந்தும் கொடையும் தந்து ஆதரவு சேர்க்கலாம். அதற்கு மேல் அதிகாரம் இல்லை. வேட்டைக்கும் போருக்கும் கட்டுப்பாடு விதிக்கும் உரிமை இளம் வீரர்கள் கூடி அமைக்கும் வீரர் அவைக்கு உண்டு. தலைவர்களே அதற்குப் பணிய வேண்டிய நேரங்களும் உண்டு. வெள்ளை அதிகாரிகள் இதைக் கடைசிவரை புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்தும் வசதிக்காகத் தலைவர்களின் கையெழுத்தை ஒரு மக்களினத்தின் கையெழுத்தாக எண்ணிக்கொண்டார்கள்.

அந்தக் கையெழுத்துகளின் கதை 1851இல் உச்சத்தை அடைந்தது. ஜூலையில் டிராவர்ஸ் தெ சூ என்ற இடத்தில் மேல் கிளைகள் எனப்படும் சிசீட்டனும் வாஹ்பெட்டனும், ஆகஸ்ட் 5ஆம் தேதி மென்டோட்டாவில் கீழ்க் கிளைகள் எனப்படும் மெட்வாகண்டனும் வாஹ்பெகூட்டும் ஒப்பந்தம் செய்தன. சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. மென்டோட்டாவில் முதலில் கையெழுத்திட்டவர் லிட்டில் குரோ. மிஷனரிகளிடம் எழுதக் கற்றிருந்த அவர் தம் பெயரைத் தாமே எழுதினார். அரசுத் தரப்பில் பேசியவர்களில் முக்கியமானவர் மாநிலமாவதற்கு முந்தைய மினசோட்டாவின் ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சே. பக்கத்தில் நின்று காரியத்தை நடத்திக் கொடுத்தவர் விலங்குத்தோல் வணிகர் ஹென்றி சிப்லி. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் கிளைகளின் தலைவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திரும்பியதும், பக்கத்திலிருந்த ஒரு மரப்பீப்பாயின் மேல் இன்னொரு தாளை வைத்து அதிலும் கையெழுத்து வாங்கினார்கள். வணிகர்களுக்கு டகோட்டாக்கள் தரவேண்டிய கடன் என்று ஒரு தொகையை ஒப்பந்தப் பணத்திலிருந்து நேரே கொடுத்துவிட அந்தத் தாள் உரிமை தந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாரும் படித்துக் காட்டவில்லை. ஒப்பந்தத்தின் இன்னொரு பிரதி என்று நினைத்தே கையெழுத்திட்டதாகப் பல தலைவர்கள் பிறகு சொன்னார்கள். ஒப்பந்தம் வாஷிங்டனுக்குப் போனபோது செனட் சபை, டகோட்டாக்களுக்கு நிரந்தரமாக ஒதுக்குவதாகச் சொன்ன நிலம் பற்றிய பிரிவையே அடித்துவிட்டது. பிறகு குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை என்ற நிலையில்தான் மினசோட்டா ஆற்றின் இருகரையிலும் பத்துப் பத்து மைல் அகலத்தில் ஒரு நீண்ட பட்டை நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. கபோசியாவை விட்டு லிட்டில் குரோவும் தம் மக்களோடு அங்கே குடிபெயர்ந்தார். 1850இல் மினசோட்டாவின் மக்கள்தொகைக் கணக்கில் இருந்தவர்கள் ஆறாயிரம் பேர். 1860இல் ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம்.

அந்தப் பட்டை நிலமும் முழுதாக நிலைக்கவில்லை. 1858இல் தலைவர்களை வாஷிங்டனுக்கு அழைத்துப் போய் மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பேசி, ஆற்றின் வடகரைப் பாதியையும் எழுதி வாங்கினார்கள். லிட்டில் குரோ அங்கே முந்தைய வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து வாதாடினார்; பலனில்லை. விலையைச் செனட் பிறகு முடிவு செய்யும் என்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஏக்கருக்கு 30 சென்ட் என்று முடிவானது. அதிலும் கீழ்க் கிளைகளுக்கு உரிய பங்கில் பெரும்பகுதி வணிகர்களின் கடனுக்கே போனது. ஊர் திரும்பிய தலைவர்களைப் பார்த்து இளைஞர்கள், நிலத்தை விற்றுத் தின்றவர்கள் என்று பேசினார்கள். 1862 கோடையில் மெட்வாகண்டன் கிளையின் பொதுப் பேச்சாளரைத் தேர்ந்தெடுத்தபோது அந்தப் பொறுப்பு லிட்டில் குரோவுக்குக் கிடைக்காமல் டிராவலிங் ஹெயில் என்பவருக்குப் போனது. பேச்சாற்றலையே முதலாக வைத்து வாழ்ந்தவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அவர் இழந்தது பதினாறு ஆண்டு உழைப்பை.

அதற்குள் அவர் பாதி தூரம் வெள்ளையர் வழிக்கும் வந்திருந்தார். அரசு கட்டிக்கொடுத்த மரவீட்டில் குடியிருந்தார். வெள்ளையர் உடை அணிந்தார். கிறித்தவ வழிபாட்டுக்கும் போய்வந்தார். ஆனால் முடியை வெட்டவில்லை, முன்னோர் சமயத்தையும் விடவில்லை. முடி வெட்டி ஏர் பிடித்தவர்களுக்கு அரசு அதிகாரிகள் வீடும் மாடும் கூடுதல் உணவும் தந்தார்கள். வேட்டை வழியில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே குடும்பத்துக்குள் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று பிளவு வந்தது. அந்தப் பிளவின் இரண்டு கரைகளிலும் கால் வைத்து நிற்கப் பார்த்தவர் லிட்டில் குரோ.

1861இல் புழு விழுந்து பயிர் அழிந்தது. குளிர்காலத்தில் பட்டினி. விற்ற நிலத்துக்காக அரசு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் தரும் தொகை 1862 ஜூன் மாதக் கடைசியில் வரவேண்டும்; வரவில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் காங்கிரசில் ஒதுக்கீடு தாமதமானது, பிறகு தங்கமாகத் தருவதா புதிய காகிதப் பணமாகத் தருவதா என்று கருவூலத்தில் யோசனை நடந்தது. இதில் அந்தக் கால நடைமுறையைக் கவனிக்க வேண்டும். பணம் வழங்கும் மேசைக்குப் பக்கத்திலேயே வணிகர்கள் கணக்கு நோட்டுகளோடு உட்கார்ந்திருப்பார்கள். டகோட்டாக் குடும்பத்தலைவர் பெயரைக் கூப்பிட்டதும், அவர் கையில் காசு சேரும் முன்பே, நோட்டில் எழுதியிருக்கும் கடன் கழிக்கப்படும். நோட்டைச் சரிபார்க்க அவருக்கு வழியில்லை. அந்தக் கோடையில் வீரர் அவை கூடி, இந்த முறை வணிகர்களை மேசைக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்று தீர்மானித்தது. ரிட்ஜ்லி கோட்டையின் கேப்டன் ஜான் மார்ஷும் கடன் வசூலுக்கு ராணுவம் துணை நிற்காது என்று சொல்லிவிட்டார். உடனே வணிகர்கள் கடனுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். கிடங்கில் மாவும் பன்றிக்கறியும் இருந்தன. ஆனால் உணவும் பணமும் ஒன்றாகத்தான் வழங்கப்படும் என்று அரசு முகவர் தாமஸ் கால்பிரெய்த் பிடிவாதமாக இருந்தார். ஆகஸ்ட் 4ஆம் தேதி, மேல் கிளைகளுக்கான அரசு அலுவலகமும் கிடங்கும் இருந்த மேல் முகாமில் பசித்தவர்கள் கிடங்கை உடைத்த பிறகு அங்கே கொஞ்சம் உணவு கொடுத்தார்கள். கீழ்க் கிளைகளுக்கான கீழ் முகாமில் அதுவும் இல்லை. லிட்டில் குரோ நேரில் கேட்டும் கிடைக்கவில்லை. ஆண்ட்ரூ மைரிக் என்ற வணிகர், பசித்தால் புல்லைத் தின்னட்டும் என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் லிட்டில் குரோ கீழ் முகாமில் பாதிரியார் சாமுவேல் ஹின்மன் நடத்திய வழிபாட்டுக்குப் போனார். அன்றைக்கே வடக்கே ஆக்டன் என்ற குடியிருப்பில் நான்கு டகோட்டா இளைஞர்கள், கோழி முட்டையை எடுப்பது பற்றி எழுந்த வாய்த்தகராறில், இரண்டு பெண்கள் உட்பட ஐந்து குடியேறிகளைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஊருக்கு ஓடிவந்தார்கள். பெண்கள் செத்திருக்கிறார்கள், கொன்றவர்களை மட்டும் ஒப்படைத்தால் வெள்ளையர் விடமாட்டார்கள், எல்லாரையும் பழிவாங்குவார்கள், ஆண்டுத் தொகையும் இனி வராது என்ற வாதம் அவர்களுடைய ஊரில் வலுத்தது. தெற்கே நடக்கும் போருக்கு வெள்ளையர் ஆண்கள் எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள், கலப்பினத்தவரைக்கூடப் படைக்கு எடுக்கிறார்கள், அடிப்பதென்றால் இதுதான் சமயம் என்ற எண்ணமும் சேர்ந்தது. நள்ளிரவு தாண்டி அந்தக் கூட்டம் லிட்டில் குரோவின் வீட்டுக்கு வந்தது.

பேச்சாளர் தேர்தலில் தோற்ற மனிதரிடம் ஏன் வந்தார்கள் என்பது நியாயமான கேள்வி. வாபஷா போன்ற மற்றத் தலைவர்கள் போருக்கு வெளிப்படையாகவே எதிரானவர்கள். எல்லாக் கிளைகளிலும் உறவு உள்ள, வாஷிங்டன்வரை பெயர் தெரிந்த ஒருவர் இல்லாமல் இது கலவரமாக முடியும், போராக மாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் புதிய பேச்சாளரிடம் போங்கள் என்ற பொருளில் அவர் முதலில் கசப்போடு பேசியதாகச் சொல்வதுண்டு. பிறகு அவர் ஆற்றிய உரை அங்கிருந்த அவருடைய மகன் வோவினாபே வழியாகப் பல ஆண்டுகள் கழித்து எழுத்துக்கு வந்தது. இடையில் கவிதை மனம் கொண்ட ஒருவரின் கை பட்டிருக்கிறது என்பதால் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. சாரம் இதுதான்: நீங்கள் வெறிபிடித்த நாய்கள்போல உங்கள் நிழலையே கடிக்கிறீர்கள், வெள்ளையர் வெட்டுக்கிளிகள்போல வானத்தை மூடி வருவார்கள், ஒருவரைக் கொன்றால் பத்துப் பேர், பத்துப் பேரைக் கொன்றால் நூறு பேர் வருவார்கள், பனிக்காலத்துப் பசித்த ஓநாய்களிடம் அகப்பட்ட முயல்களாக நீங்கள் சாவீர்கள். யாரோ ஒருவன் அவரைக் கோழை என்றான். கடைசியில், தாவோயாத்தெதூத்தா கோழை அல்லன், உங்களோடு அவனும் சாவான் என்று முடித்தார்.

இதை வீர வசனமாக மட்டும் படிப்பவர்கள் உண்டு. இழந்த தலைமையைத் திரும்பப் பிடிக்க ஆசைப்பட்டார் என்று மட்டும் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் மறுத்திருந்தாலும் அந்த விடியலில் தாக்குதல் நடந்திருக்கும்; நடந்தபின் பழிவாங்கல் அவர் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கும். பேசி வாழ்ந்தவரின் கையில் அன்று பேச எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. 1851இலும் 1858இலும் கையெழுத்திட்டு, அடுத்த முறை சரியாகிவிடும் என்று மக்களிடம் சொல்லிவந்தவர், இந்த முறை விலகி நின்றிருந்தால் அவருடைய முழு வாழ்க்கையும் வெள்ளையருக்குச் செய்த ஊழியம் என்றே ஆகியிருக்கும்.

மறுநாள் காலை கீழ் முகாம் தாக்கப்பட்டது. மைரிக் கொல்லப்பட்டார், அவருடைய வாயில் புல் திணிக்கப்பட்டிருந்ததைப் பிறகு கண்டார்கள். உதவிக்கு விரைந்த கேப்டன் மார்ஷின் படையை ரெட்வுட் படகுத்துறையில் மறைந்திருந்து தாக்கியதில் 24 சிப்பாய்கள் இறந்தார்கள். மார்ஷ் ஆற்றில் மூழ்கி இறந்தார். அன்று நண்பகலில், தாமதமான ஆண்டுத் தொகை, 71,000 டாலர் தங்கமாக, ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் என்ற கேள்வியை இந்தப் போரைப் பற்றி எழுதிய எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். பட்டினி ஓரளவு தணிந்திருக்கும். நோட்டும் கடனும் நிலமும் அப்படியே இருந்திருக்கும்.

அந்தத் தங்கம் வந்த கோட்டையில் அன்று எழுந்து நிற்கக்கூடிய சிப்பாய்கள் முப்பது பேர்கூட இல்லை. பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் தாமஸ் கியருக்கு வயது 19. சுற்றுச்சுவரும் கிடையாது. லிட்டில் குரோ 19ஆம் தேதி கோட்டையைத்தான் தாக்க வேண்டும் என்றார். கோட்டை விழுந்தால் மினசோட்டா ஆற்றுப் பள்ளத்தாக்கே திறந்துவிடும் என்ற கணக்கு சரியானது. ஆனால் இளைஞர்களில் பெரும்பாலோர் கடைகளும் கொள்ளைப்பொருளும் நிறைந்த நியூ உல்ம் நகரத்தை நோக்கிப் போனார்கள். இன்னும் பலர் சிறு சிறு கூட்டங்களாகப் பண்ணை பண்ணையாகப் போய்க் குடியேறிகளைக் குடும்பத்தோடு கொன்றார்கள். நியூ உல்முக்குப் பக்கத்து மில்ஃபோர்டு என்ற ஜெர்மானியக் குடியிருப்பில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஒரு நாளில் கோட்டைக்குத் துணைப்படை வந்து சேர்ந்துவிட்டது. 20ஆம் தேதியும் 22ஆம் தேதியும் லிட்டில் குரோ நடத்திய தாக்குதல்களைப் பீரங்கிகள் முறியடித்தன. 23ஆம் தேதி நியூ உல்மின் பெரும்பகுதி எரிந்தது. இரண்டாயிரம் பேர் ஊரைக் காலி செய்து மன்கேட்டோவுக்குப் போனார்கள். தலைவர் என்று பெயர் இருந்ததே தவிர, படை அவர் சொன்ன இடத்துக்கு ஒரு நாள் தாமதித்தே வந்தது. ராணுவ ரீதியாகப் பார்த்தால் போர் தோற்றது அந்த 19ஆம் தேதிதான் என்பேன்.

குடியேறிகளின் சாவை மூடி மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இறந்த வெள்ளையர் ஐந்நூறுக்கும் மேல். அவர்களில் ஆயுதமே ஏந்தாத பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பெண்களையும் குழந்தைகளையும் கொல்லாதீர்கள், வெள்ளையர் போரிடுவதுபோலப் படையோடு மோதுங்கள் என்று லிட்டில் குரோ கடிந்துகொண்டதாகச் சாட்சியங்கள் உண்டு. சிறைபிடிக்கப்பட்டவர்கள் சிலரைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். ஆனாலும் அந்தப் போரின் முகம் அவர்தான். கட்டளையிடும் அதிகாரம் இல்லாத தலைமையை ஏற்றவர், கட்டளையிடாத கொலைகளின் பழியிலிருந்து தப்ப முடியாது. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு என்னால் தரக்கூடிய நேர்மையான பதில் இதுதான்.

செப்டம்பரில் அவரை எதிர்த்துப் படை நடத்தி வந்தவர் யார் என்று பாருங்கள்: ஹென்றி சிப்லி. அவரை அனுப்பிய ஆளுநர்: அலெக்சாண்டர் ராம்சே. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்த மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதே மனிதர்கள். செப்டம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் ராம்சே, சூ இந்தியர்களை (டகோட்டாக்களை வெள்ளையர் அழைத்த பெயர்) அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநில எல்லைக்கு அப்பால் நிரந்தரமாகத் துரத்த வேண்டும் என்று அறிவித்தார். பிர்ச் கூலியில் நடந்த மோதலுக்குப் பிறகு சிப்லி ஒரு கழியில் குறிப்பு ஒன்றைக் கட்டிவைத்துவிட்டுப் போனார்: லிட்டில் குரோவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் ஆளனுப்பலாம். செப்டம்பர் 7ஆம் தேதி பதில் போனது. அதில் வீராவேசம் ஏதும் இல்லை. போர் ஏன் தொடங்கியது என்றால் கால்பிரெய்த்தின் பொருட்டு என்று ஆரம்பித்து, அரசோடு செய்த ஒப்பந்தத்தின்படி உள்ளதையும் கெஞ்சிக் கேட்டும் பெற முடியவில்லை, எங்கள் குழந்தைகள் பசியால் சாகிறார்கள் என்று சொல்லி, புல்லைத் தின்னச் சொன்ன மைரிக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஒரு முறையீட்டு மனுவின் நடை அது. போர்க்களத்திலிருந்து எழுதிய மனு. சிப்லி, முதலில் கைதிகளை விடு என்றார். 12ஆம் தேதி இன்னொரு கடிதம்: எங்களைப் போலவே கைதிகளையும் நடத்துகிறோம், என் மக்களுக்கு அமைதி கிடைக்க என்ன வழி என்று நண்பராகச் சொல்லுங்கள்.

சிப்லி அவருக்கு வழி சொல்லவில்லை. லிட்டில் குரோவின் முகாமிலேயே போரை எதிர்த்தவர்களோடு தனியே பேசினார். மேல் கிளைகளில் பலர் இந்தப் போரையே ஏற்கவில்லை. எங்களைக் கேட்காமல் தொடங்கினீர்கள், கைதிகளை எங்களிடம் ஒப்படையுங்கள் என்று பால் மஸாகுதெமானி போன்ற கிறித்தவத் தலைவர்கள் அவையில் எழுந்து பேசினார்கள். இரண்டு முகாம்களும் அருகருகே கூடாரம் போட்டு, கைதிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்திக்கொண்டிருந்தன. செப்டம்பர் 23ஆம் தேதி வுட் லேக் அருகே நடந்த கடைசிச் சண்டையில் மன்கேட்டோ என்ற தலைவர் பீரங்கிக் குண்டுக்கு இறந்தார். மறுநாள் லிட்டில் குரோ சில நூறு பேரோடு மேற்கே புல்வெளிக்குப் போய்விட்டார். 26ஆம் தேதி 269 கைதிகள் சிப்லியிடம் ஒப்படைக்கப்பட்டார்கள்.

போகாமல் தங்கியவர்களுக்கு நடந்தது, அந்த ஆகஸ்ட் இரவில் அவர் எச்சரித்ததைவிடக் கடுமையானது. ராணுவ ஆணையம் ஐந்தே வாரங்களில் 392 பேரை விசாரித்து 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. சில விசாரணைகள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை, வழக்கறிஞர் யாருமில்லை. ஆயர் ஹென்றி விப்பிள் லிங்கனிடம் டகோட்டாக்களுக்காகப் பரிந்து பேசினார். லிங்கன் ஆவணங்களைப் பரிசீலிக்கச் செய்து, படையோடு சண்டையிட்டவர்களைப் படுகொலையில் ஈடுபட்டவர்களிடமிருந்து பிரித்தார். 1862 டிசம்பர் 26ஆம் தேதி மன்கேட்டோவில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது அந்த ஒரு முறைதான். அவர்களில் ஒருவர் தலைவர் வாபஷாவின் மருமகன் ர்தைன்யன்கா. சாவதற்கு முன் மாமனாருக்குச் சொல்லி எழுதுவித்த கடிதத்தில், சிப்லியிடம் சரணடைந்தால் குற்றமற்ற யாருக்கும் தீங்கு வராது என்றீர்கள், என்னை ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறார். போரிடாத பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் சுமார் 1,600 பேர் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றோரத்தில் வேலியிட்ட முகாமில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் இறந்தார்கள். 1863இல் காங்கிரஸ் எல்லா ஒப்பந்தங்களையும் ரத்து செய்து, டகோட்டாக்களை மாநிலத்தைவிட்டே வெளியேற்றச் சட்டம் இயற்றியது.

லிட்டில் குரோ அந்தக் குளிர்காலத்தை டெவில்ஸ் லேக் பகுதியில் கழித்தார். மேற்குப் பழங்குடிகளைக் கூட்டணிக்கு அழைத்துப் பார்த்தார், யாரும் சேரவில்லை. வசந்தத்தில் எல்லை தாண்டி இன்றைய வின்னிபெக்கில் இருந்த கேரி கோட்டைக்குப் போனார். 1812இல் பாட்டனார் பிரிட்டிஷாருக்குத் துணை நின்றதை எடுத்துச் சொல்லி, பழைய பதக்கங்களைக் காட்டி, துப்பாக்கி மருந்து கேட்டார். உணவு கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. அரைநூற்றாண்டுக்கு முந்தைய கூட்டணியை நினைவூட்டிப் பேரம் பேசுவது என்பது, வேறு எந்த வழியும் இல்லாதவர் செய்யும் காரியம்.

ஜூனில் சுமார் பதினெட்டுப் பேரோடு குதிரை பிடிப்பதற்காக மினசோட்டாவுக்குத் திரும்பினார். 1863 ஜூலை 3ஆம் தேதி மாலை, ஹட்சின்சன் நகருக்கு அருகே, பதினாறு வயது மகன் வோவினாபேயோடு காட்டு ராஸ்பெரி பறித்துக்கொண்டிருந்தபோது, நேதன் லாம்சன் என்ற குடியேறியும் அவருடைய மகன் சான்சியும் பார்த்துச் சுட்டார்கள். திருப்பிச் சுட்டதில் லாம்சன் காயமடைந்தார். லிட்டில் குரோ இறந்தார். மகன் தந்தைக்குப் புதிய மொக்காசின் காலணிகளை மாட்டி, போர்வையைப் போர்த்திவிட்டுத் தப்பினான். செத்தவர் யார் என்று சுட்டவர்களுக்குத் தெரியாது. உடலை ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்தின்போது ஹட்சின்சனுக்கு இழுத்து வந்து, தலைத்தோலை உரித்து, காதிலும் மூக்கிலும் பட்டாசு வைத்து, கடைசியில் இறைச்சிக் கழிவுக் குழியில் போட்டார்கள். சில வாரங்களில் வோவினாபே பிடிபட்டு நடந்ததைச் சொன்ன பிறகுதான், கோணலாகக் கூடிய அந்த மணிக்கட்டு எலும்புகளை வைத்து ஆளை உறுதி செய்தார்கள். நேதன் லாம்சனுக்கு மாநிலச் சட்டமன்றம் 500 டாலர் வெகுமதி அளித்தது.

அவருடைய மண்டையோடும் தலைத்தோலும் கை எலும்புகளும் மினசோட்டா வரலாற்றுக் கழகத்தின் கைக்குப் போய்ப் பல ஆண்டுகள் காட்சிப்பொருளாக இருந்தன. 1915இல்தான் காட்சியிலிருந்து எடுத்தார்கள். 1971இல் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள். தென் டகோட்டாவின் ஃபிளான்ட்ரோவில் அவை அடக்கம் செய்யப்பட்டன. அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு தப்பிய வோவினாபே, சிறையில் கிறித்தவராகி, தாமஸ் வேக்மன் என்ற பெயரில் அங்கே குடியேறி, டகோட்டாக்களிடையே முதல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய வழிவந்தவர்கள் அந்தப் பகுதியில் வாழ்ந்துவருகிறார்கள்.

இதன் தொடர்ச்சி என்ன ஆனது என்றும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012இல் போரின் 150ஆம் ஆண்டில் ஆளுநர் மார்க் டேட்டன் ராம்சேயின் 1862 வார்த்தைகளை அதிகாரபூர்வமாக நிராகரித்தார். 2024இல் பழைய மேல் முகாம் இருந்த இடத்தின் மாநிலப் பூங்காவை அங்குள்ள டகோட்டாச் சமூகத்திடமே மாநில அரசு திருப்பிக் கொடுத்தது. 1863ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டம் மட்டும் முறைப்படி இன்னும் ரத்தாகவில்லை. இன்று மினசோட்டாவில் நான்கு டகோட்டாச் சமூகங்கள் வாழ்வது ஏட்டளவில் அந்தச் சட்டத்துக்குப் புறம்பாகவே.